ஏழை யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "பசியைப் போக்க ஏற்ற வழி, ஏழைகளை இனங்கண்டு கொடுப்பதா, எல்லோருக்கும் கொடுப்பதா?" இதுதான் இன்றைய தலைப்பு. எல்லோருக்கும் கொடுப்பதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "கார் வைத்திருப்பவருக்கு எதற்கு ரேஷன் அரிசி?" என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். ஏழை யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

2002-இல் கிராமங்களில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்போரைக் கணக்கெடுக்க 13 கேள்விகள் வகுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் குறைந்தால்தான் ஏழை. அதில் ஒரு கேள்வி, ஆளுக்கு எத்தனை துணி இருக்கிறது என்பது! இரண்டுக்கும் குறைவென்றால் பூஜ்யம். எண்ணிக்கை ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறும். யாரோ கொடுத்த பழைய புடவைகளை ஒரு தாய் வாங்கி வைத்திருந்தால், அவள் பட்டியலை விட்டு ஒரு படி விலகிவிடுகிறாள். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒரு மாநிலம் எத்தனை பேரை ஏழை என்று காட்டலாம் என்பதற்குத் திட்டக்குழுவின் மதிப்பீட்டை வைத்து முன்கூட்டியே வரம்பு கட்டிவிட்டார்கள். எண்ணை முதலில் எழுதிவிட்டு, அதற்குள் மனிதர்களை அடைத்தார்கள்.

ரேஷனில் ஏழை, ஏழையல்லாதவர் என்று பிரித்துக் கொடுக்கும் முறை நாடு முழுவதும் வந்தது 1997-இல். 2004-05 தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளை ஆய்வாளர்கள் அலசியபோது, கிராமத்து ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதிக்கு, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்போருக்கான ரேஷன் அட்டையே இல்லை என்று தெரிந்தது. நடுவர் அவர்களே, பாதி! தகுதியில்லாத ஒருவர் அரிசி வாங்கினால் அரசுக்குப் பணம் நஷ்டம். தகுதியுள்ள ஒருவர் விடுபட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டு பிழைகளையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

தமிழ்நாடு 1997-க்குப் பிறகும் எல்லோருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. சரி, எதிரணி சொன்ன அந்தக் கார்க்காரர் என்ன செய்கிறார்? பலர் தாமாகவே அரிசியை விட்டுவிட்டுச் சர்க்கரை கார்டு வாங்கிக்கொள்கிறார்கள். எப்பொருளும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. யாரும் அவர்கள் வீட்டுத் துணியை எண்ணவில்லை. இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஆசிரியரும் கூலித் தொழிலாளியும் ஒரே கடையில் நின்றால், எடை குறைந்தால் தட்டிக் கேட்கக் குரல் கூடுகிறது.

1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவிலும், 2022-இல் தொடங்கிய காலை உணவிலும், பந்தியில் உட்கார்ந்த பிள்ளையிடம் அப்பாவின் வருமானத்தை யாரும் கேட்பதில்லை.

செலவு கூடும் என்பதை மறுக்கவில்லை. வறுமையை அளக்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. அளந்துதான் ஆக வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறார்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னதால்தான் அரசைக் கேள்வி கேட்க முடிகிறது. அளவுகோல் அரசை எடைபோடட்டும். கடை வாசலில் நிற்பவரை அதைக் காட்டித் திருப்பி அனுப்ப வேண்டாம் என்கிறேன்.

எதிரணிக்கு ஒரு கேள்வி. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒதுக்கீடு 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வகுக்கப்பட்டது. மக்கள் பெருகியும் அந்தக் கணக்கு பல ஆண்டுகளாக மாறவில்லை. இடையில் வேலை இழந்தவர், புதிதாகக் குடும்பம் தொடங்கியவர், உங்கள் பட்டியலில் எந்த வரியில் இருக்கிறார்? அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள், நடுவர் அவர்களே.