பல்தடம்

அன்பான வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வெள்ளவத்தை வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. மற்ற வீடுகளில் பிள்ளைகள் வென்ற கேடயங்களும் பீங்கான் பொம்மைகளும் நிற்கும் இடத்தில், எங்கள் வீட்டில் நூற்றுப் பதினான்கு சுங்கான்கள் நிற்கின்றன. வருகிறவர்கள் தேநீரைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதற் கேள்வி, "இதில் எதைப் பிடிப்பீர்கள்?" என்பதுதான். ஒன்றையும் பிடிப்பதில்லை, வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட நான் முழுதாகப் பிடித்து முடித்ததில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது என்பதை நிகழ்ச்சித் தயாரிப்பாளர் எனக்கு நினைவூட்டிய பின்னரே கலையகத்துக்குள் விட்டார். அவர் அஞ்ச வேண்டியதில்லை. புகை எப்போதோ போய்விட்ட பொருள்களைப் பற்றியே நான் பேச வந்திருக்கிறேன்.

சுங்கான் என்ற சொல்லே இன்று பலருக்குத் தெரியாது. அதற்காகப் பைப் என்று சொன்னால் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு முறை தொலைபேசியில் "பழைய பைப் இருந்தால் வாங்குவேன்" என்று சொல்லிவைத்ததன் பயனாக, ஒருவர் முச்சக்கர வண்டியில் துருப்பிடித்த இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் தொடர்மாடியின் வாசலில் இறக்கிவிட்டார். ஆகவே, கண்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு சிறிய அகப்பையை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். சிரட்டை இருக்கும் இடத்தில் புகையிலை இடும் கிண்ணம். காம்பு இருக்கும் இடத்தில் உள்ளே துளையுள்ள தண்டு. தண்டின் முனையில் பல்லால் கவ்விக்கொள்ளும் தட்டையான வாய்ப்பகுதி. முதியவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. முன்னாள் பிரதமர் டட்லி சேனநாயக்கவின் படங்களைக் கண்டவர்களுக்குச் சுங்கான் என்றதும் அந்த முகமே நினைவுக்கு வரும்.

நான் இதைத் தேடிப் போகவில்லை. 1978இல் கொழும்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில், ஒரு மைப்பேனாவுக்காக ஒரு பிஸ்கட் தகரத்தை ஏலத்தில் எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது பேனாவின் முள் உடைந்திருந்தது. அடியில் செய்தித்தாளில் சுற்றிய மூன்று சுங்கான்கள் கிடந்தன. மூன்றிலும் வாய்ப்பகுதியின் ஓரத்தில் சிறு சிறு பள்ளங்கள் இருந்தன. அவை பல்தடங்கள் என்று விளங்க எனக்குச் சிறிது நேரம் எடுத்தது. முன்பின் அறியாத ஒருவருடைய பல் பதிந்த இடத்தில் என் விரல் நுனி இருக்கிறது என்ற எண்ணம் முதலில் அருவருப்பைத் தந்தது. பிறகு அதுவே என்னை விடவில்லை.

இந்தப் பொருள்களில் மிக எளியது வெள்ளைக் களிமண் சுங்கான். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும், ஒல்லாந்தில் ஹௌடா என்ற நகரத்திலும் இவை பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. நம் மண்சட்டியைப் போல மலிவானவை, அதைப் போலவே உடைபவை. கொழும்பை ஒல்லாந்தர் 1656இலிருந்து 1796வரை வைத்திருந்தார்கள் என்பது பள்ளிப் பாடம். அந்தக் காலத்து மாலுமிகளும் படைவீரர்களும் பிடித்து, உடைந்ததும் எறிந்தவை இவை. காலியில் நண்பர் ஒருவருடைய வீட்டில் பழைய கிணற்றை இறைத்துச் சேறு வாரியபோது என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு தண்டுத் துண்டு வந்தது. இத்தகைய துண்டுகளின் காலத்தை அதன் துளையைக் கொண்டே மதிப்பிடலாம். ஹரிங்ரன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் 1954இல் அதைக் காட்டினார்: காலம் செல்லச் செல்லத் தண்டு நீண்டது, துளை ஒடுங்கியது, 1600ஐ ஒட்டிய காலத்தில் அங்குலத்தை அறுபத்து நான்காகப் பிரித்தால் ஒன்பது பங்கு இருந்த துளை, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நான்கு பங்காகச் சுருங்கியிருந்தது. அவர் அளவுகோலாகப் பயன்படுத்தியது சாதாரணத் துரப்பண அலகுகளை, அதாவது துளையிடும் கருவியில் மாட்டும் முனைகளை. நானும் பஞ்சிகாவத்தையில் ஒரு பெட்டி அலகுகள் வாங்கி வந்து ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். ஐந்து பங்கு அலகு இறுக்கமாகப் போனது. ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலச் சுங்கான்களை வைத்துப் போட்ட கணக்கு. ஒல்லாந்தருடையவற்றுக்கு அப்படியே பொருந்தாது. ஹௌடா சுங்கான்களில் கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு குதியில் செய்தவருடைய முத்திரை இருக்கும். என்னிடம் குதி இல்லை, தண்டு மட்டுமே இருக்கிறது. ஆகவே அந்தத் துண்டை வைத்த பெட்டியில் ஆண்டு எழுதும் இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரையர் வந்தது. மத்தியதரைக் கடலோரத்து வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் ஒரு வகைப் புதர்மரத்தின் வேர்முண்டு அது. காட்டுத்தீ மேலே உள்ள அனைத்தையும் எரித்துவிட்டுப் போன பிறகும், மண்ணுக்குள் இருக்கும் அந்த முண்டிலிருந்து மரம் மீண்டும் துளிர்க்கும். முண்டைத் தோண்டி, வெட்டி, சாறு போக மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, மாதக்கணக்காக நிழலில் உலர்த்திய பிறகே உளி படும். பிரான்ஸின் யூரா மலைப்பகுதியில் உள்ள செயின்ற் குளோட் என்ற சிற்றூர் இந்தத் தொழிலாலேயே பெயர் பெற்றது.

வாய்ப்பகுதிக்கு வல்கனைட். இந்த இடத்தில் நம் நாடும் கதைக்குள் வருகிறது. வல்கனைட் என்பது இறப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய கறுப்புப் பொருள். 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் நாற்றுகள் அதே ஆண்டில் நம் கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹேனரத்கொடைப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அது ஒரு தொடக்கம். என் அலுமாரியில் உள்ள ஆங்கிலச் சுங்கான்களின் கறுப்பு முனைகளுள் சிலவேனும் களுத்துறைப் பக்கத்துப் பாலாக இருந்து, கப்பலேறிப் போய், யாரோ ஒரு துரையின் வாயில் திரும்பி வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. மெய்ப்பிக்க வழியில்லை, மகிழ்ச்சி மட்டும் இருக்கிறது.

இனி, நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய கதை ஒன்று.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நெடுங்காலம் பெரிய கிளாக்கராக இருந்த ஒருவருடைய சுங்கானை அவருடைய மகள் என்னிடம் தந்தார். 1975இல் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, ஊருக்குத் திரும்பிய துரை அதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிறகு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அது இவருடைய வாயில் இருந்திருக்கிறது. வளைந்த தண்டு; இணைப்பில் ஒரு வெள்ளி வளையம்; அந்த வளையத்தில் மிகச் சிறிய நங்கூரம். நங்கூரம் என்றால் பேர்மிங்ஹாம் நகரத்தில் வெள்ளி பரிசோதிக்கப்பட்டது என்று பொருள். கடற்கரையே இல்லாத ஊருக்கு நங்கூரம் முத்திரை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். வல்கனைட் பகுதி வெயில் பட்டுப் பச்சையும் பழுப்புமாக மங்கியிருந்தது. இடப்பக்கத்தில் இரண்டு ஆழமான பள்ளங்கள்.

எனக்கு அப்போது ஒரு புதிய அறிவு கிடைத்திருந்தது. வல்கனைட்டுக்குத் தன் பழைய வடிவம் நினைவிருக்கும். சூடுபட்டால் பல் பதிந்த பள்ளம் தானாகவே மேலே எழும் என்று படித்திருந்தேன். அது முற்றிலும் உண்மை. தேநீருக்குக் கொதித்த நீரை ஒரு குவளையில் ஊற்றி, வாய்ப்பகுதியைக் கழற்றி அதற்குள் விட்டேன். சில நிமிடங்களில் அந்த இரண்டு பள்ளங்களும் மெல்ல மெல்ல நிரம்பி, மட்டமாகி, என் கண்ணெதிரே மறைந்தன. நான் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குவளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அது நிமிர்ந்துகொண்டு வருகுதே!" என்றார். வல்கனைட் முதலில் நேரான தண்டாகவே வார்க்கப்பட்டது. வளைத்தது பின்னர் வந்த தொழிலாளி. நினைவு திரும்பியபோது அதற்குப் பல்தடம் வருவதற்கு முந்திய காலத்தோடு வளைவு வருவதற்கு முந்திய காலமும் திரும்பிவிட்டது. கிளாக்கர் ஐயாவின் வளைந்த சுங்கான் ஒரு பென்சிலைப் போல நேராக என் கையில் இருந்தது.

வளைவை மறுபடியும் சூடாக்கி வளைத்து ஓரளவு சரிசெய்துவிட்டேன். உலர்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு பூசி, கரும்பளிங்கு போல மினுக்கி வைத்தேன். மறு மாதம் அந்த அம்மா கனடாவிலிருந்து வந்த தம் தங்கையை அழைத்துக்கொண்டு வந்தார். தங்கை சுங்கானைக் கையில் எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, மறுபடியும் திருப்பினார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்: "அப்பாவின்ரை பல்லுத் தடம் எங்கை அண்ணை?" அவருக்கு வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் இல்லையாம்; எப்போதும் இடப்பக்கத்தில்தான் கவ்வுவாராம்; பிள்ளைகள் சிறு வயதில் அந்தப் பள்ளங்களில் தங்கள் விரல் நகத்தை வைத்துப் பார்ப்பார்களாம். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. தேநீர் கொடுத்தோம், குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து நான் எதையும் அளவுக்கு மீறித் துடைப்பதில்லை. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இங்கும் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் தாத்தாவின் சுங்கானோ, பொடிடப்பியோ, பாட்டியின் பாக்குவெட்டியோ இருந்தால், அதைத் தேய்ப்பதற்கு முன் நன்றாகப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் கரியைச் சிறிது சுரண்டலாம்; சுங்கானுக்கு அது நல்லதுதான், ஏனென்றால் ஒரு ரூபாய் நாணயத்தின் தடிப்பைத் தாண்டினால் கரி விரிந்து மரத்தைப் பிளந்துவிடும். ஆனால் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கும் இடம் பெருவிரல் வைத்த இடம். விளிம்பு ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால், பிடித்தவர் எந்தக் கையால் தீக்குச்சி கொளுத்தினார் என்பதை அது சொல்லும். வலக்கைக்காரருடையது பெரும்பாலும் ஒரு புறமும் இடக்கைக்காரருடையது மறு புறமும் கருகியிருக்கும். தேய்த்துவிட்டால் எல்லாம் போய்விடும். முத்திரை எழுத்துகளும் போய்விடும். என்னிடம் இருந்த, டன்ஹில் என்ற ஆங்கில நிறுவனத்தின் சுங்கான் ஒன்றில், செய்யப்பட்ட ஆண்டைக் காட்டும் சிறு எண் நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. நகைப்பட்டறை ஒன்றில் மினுக்கக் கொடுத்தேன், தங்க வளையலை மினுக்குவது போல் சக்கரத்தில் வைத்து அந்த எண்ணையும் சேர்த்து மினுக்கிவிட்டார்கள். வாய்ப்பகுதியில் உள்ள வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சியது. அந்தப் புள்ளிக்கும் ஒரு காரணம் உண்டு: கையால் செய்த வாய்ப்பகுதியில் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒன்றுபோல இருந்ததால், வாங்கியவர்கள் தலைகீழாக மாட்டிவிடாமல் இருப்பதற்காக மேற்பக்கத்தில் இட்ட அடையாளம் அது.

கொழும்பில் இவற்றை வைத்துக் காப்பது தனிப் பாடு. கடற்காற்றில் வெள்ளி கறுக்கும், மழைக்காலத்தில் மரம் ஊதி வாய்ப்பகுதி கழற்ற முடியாமல் இறுகிக்கொள்ளும். முறுக்கினால் இணைப்பு முறியும். அதற்கு ஒரு வழி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் அரை மணி நேரம் வைப்பது. வல்கனைட் சுருங்கிக் கழன்றுவிடும். வழி நல்லதுதான், ஆனால் எங்கள் வீட்டில் அந்த உறைபகுதி சூடை மீனுக்கும் உரியது. பிரையர் மரம் மணத்தை எவ்வளவு விரைவாக இழுத்துக்கொள்ளும் என்பதை நான் அப்படித்தான் கற்றேன். அந்த ஒரு சுங்கான் மட்டும் இன்றும் அலுமாரியின் கடைசித் தட்டில் தனியாக நிற்கிறது.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல்களைக் காட்டுகிறார். மீர்ஷாம் என்னும் துருக்கி நாட்டு வெண்கல்லைப் பற்றியும், அது புகையை உறிஞ்சி உறிஞ்சித் தேன் நிறமாவதைப் பற்றியும் பேசுவதாக இருந்தேன். யாழ்ப்பாணத்துச் சுருட்டுப் பெட்டிகளையும், லைற்றர்களையும் குறித்து வைத்திருந்தேன். அவற்றுக்கு இனி நேரமில்லை. கையோடு கொண்டு வந்த பொருள் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இது வெள்ளியாலான தீக்குச்சிக் கூடு, என் பெருவிரல் அளவு. எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும் குச்சிகள் வழக்கில் இருந்த காலத்தில், அவை சட்டைப்பைக்குள் தாமாகப் பற்றிக்கொள்ளாமல் இருப்பதற்காக இப்படிக் கூட்டில் வைத்தார்கள். அடிப்புறத்தில் உரசுவதற்கென வரி வரியாகக் கீறியிருக்கிறது. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டுகிறேன், கேளுங்கள். உள்ளே ஒரு குச்சி இருக்கிறது. நான் வாங்கியபோதே இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.

வணக்கம்.