அழிறப்பர்த் துகளும் 183 பஸ்ஸும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

வடமேற்கு லண்டனில் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். செப்டம்பர் பிறந்தால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் ஒரே மாதிரித்தான் இருக்கும். "ரீச்சர், பிள்ளை கெட்டிக்காரன். ஆனால் கொப்பியைத் திறக்க மனமில்லை. தனியார் பள்ளிச் சோதனை வருது. நீங்கள் கொஞ்சம் ஏசிச் சொல்லுங்கோ." ஏச்சு வீட்டில் ஏற்கெனவே நடந்திருக்கும். அதனால் பலன் இருந்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

நம்மில் பலர் ஊரில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை எழுதியவர்கள். அந்த நினைவோடுதான் பிள்ளையையும் மேசையில் இருத்துகிறோம். ஆனால் அங்கே வகுப்பே சேர்ந்து அந்தச் சோதனையை எழுதியது. இங்கே தனியார் இடைநிலைப் பள்ளியில் சேர்வதற்கான சோதனையைப் பல வகுப்புகளில் நாலைந்து பேர்தான் எழுதுவார்கள். மற்றப் பிள்ளைகள் பூங்காவில் பந்தடிக்கும்போது நான் மட்டும் ஏன் உள்ளே இருக்கவேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளை கேட்டால், அது நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் பயிற்சிப் புத்தகத்தை நீட்டினால் மனம் எப்படி வரும்?

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். 5ஆம் ஆண்டில் இருந்தவன், பெரிய ரியூசன் வகுப்பொன்றிலிருந்து விலகி என்னிடம் வந்தான். கணக்குக் கொடுத்தால் எழுதுவான், அழிப்பான், திரும்ப எழுதுவான், திரும்ப அழிப்பான். ஒரு மணித்தியாலம் முடியும்போது மேசை முழுக்க அழிறப்பர்த் துகள், கொப்பியில் இரண்டு வரி. சோம்பேறி என்றார் தகப்பனார்.

நான் பக்கத்தில் இருந்து, அவனுடைய பென்சில் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்தேன். பின்னம் சுருக்கும்போது 24, 30 என்றால் ஓடியது. 42, 56 என்று வந்தால் நின்றது. ஏழாம், எட்டாம் வாய்ப்பாடு அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எப்போதோ விட்டுப்போனதை, இவ்வளவு வளர்ந்த பிறகு கேட்க வெட்கப்பட்டிருக்கிறான். அழித்துக்கொண்டே இருந்தால் தெரியாதது வெளியே வராது. சோம்பேறி என்ற பெயர் அவனுக்கு மொக்கன் என்ற பெயரைவிடப் பரவாயில்லையாக இருந்தது.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவன் ஒரு பஸ் வழித்தடம் வரைந்து வைத்திருந்தான். பின்னர் (Pinner) என்ற இடத்தில் தொடங்கி ஹரோ, கிங்ஸ்பெரி, ஹெண்டன் வழியாக கோல்டர்ஸ் கிரீன் போகும் 183. சரி, அதிலேயே தொடங்குவோம் என்றேன். எட்டு நிமிடத்துக்கு ஒரு பஸ். முதல் பஸ் எட்டாவது நிமிடம் வந்தால் ஏழாவது பஸ் எப்போது வரும்? ஏழெட்டு ஐம்பத்தாறு அவன் வாயில் அப்படித்தான் ஏறியது. நாளுக்குப் பத்து நிமிடம், ஆறு கிழமை. அதற்குப் பிறகு மேசையில் துகள் குறைந்தது.

அப்புறம் சோதனையைப் பற்றியும் பிள்ளைக்கு உண்மை தெரியவேண்டும். பல தனியார் பள்ளிகள், ஐ.எஸ்.இ.பி. என்ற தனியார் பள்ளிகளுக்கான தேர்வு வாரியத்தின் பொது முன்சோதனையை வைக்கின்றன. கணினியில் நான்கு பகுதிகள்: ஆங்கிலம், கணிதம், சொற்களை வைத்து யோசிப்பது, படங்களை வைத்து யோசிப்பது. விடை சரியாக வர வர அடுத்த கேள்வி கடினமாகும். முந்திய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. இதை யாரும் சொல்லாமல் விட்டால், நன்றாகச் செய்யும் பிள்ளைதான் "எல்லாம் கஷ்டமாய் வருது, நான் தோற்றுவிட்டேன்" என்று பாதியில் மனம் விடும். கடினமாக வந்தால் நீ நன்றாகச் செய்கிறாய் என்று முதலே சொல்லி வையுங்கள். இன்னொன்று, புள்ளியை வயதுக்கேற்பச் சரிசெய்வார்கள். வகுப்பிலேயே வயது குறைந்த, ஓகஸ்டில் பிறந்த பிள்ளையை, வயது கூடிய, செப்டம்பரில் பிறந்த பிள்ளையோடு ஒப்பிட்டு வீட்டில் பேசாதீர்கள்.

வாய்ப்பாடு வந்த பிறகும் அந்தப் பையன் மாதிரிச் சோதனைகளில் வேண்டுமென்றே கேள்விகளை விட்டான். எனக்குப் புரியவில்லை. ஒருநாள் தாயார் கூட்டிப்போக வரப் பிந்தியது. சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, அரைத் தமிழில் கேட்டான்: "ரீச்சர், நான் பாஸ் பண்ணினா அப்பா நைட் வேலைக்கும் போகோணுமா?"

லண்டனில் பகல் நேரத் தனியார் பள்ளிக்கே பல இடங்களில் ஆண்டுக்கு 20,000 பவுணுக்கு மேல் போகிறது. 2025 ஜனவரியிலிருந்து அதன்மேல் 20 வீத வற் வரியும் சேர்ந்தது. இந்தக் கணக்கைத் தாயும் தகப்பனும் இரவில் குசினியில் பேசியிருக்கிறார்கள். பிள்ளை மாடிப்படியில் இருந்து கேட்டிருக்கிறான். படித்துத் தேறினால் அப்பாவை வீட்டில் காணமுடியாது என்பது அவன் போட்ட கணக்கு. அதில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவே தகப்பனாரோடு பேசினேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மகனைப் பக்கத்தில் இருத்தி, இரவு வேலைக்குப் போகும் எண்ணம் இல்லை, உதவித்தொகை கிடைத்தால்தான் அந்தப் பள்ளி, கிடைக்காவிட்டால் பக்கத்துப் பள்ளி என்று சொல்லியிருக்கிறார். இந்த உதவித்தொகையைப் பர்சரி என்பார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. சில பள்ளிகள் முழுக் கட்டணத்தையும் ஏற்கின்றன. 1552இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கி இன்று ஹோர்ஷமில் இருக்கும் கிறைஸ்ட்ஸ் ஹொஸ்பிற்றல் போன்ற விடுதிப் பள்ளிகளும் உண்டு. கேட்க வெட்கப்படாதீர்கள், பதியும்போதே கேளுங்கள்.

நேர்முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பிள்ளைக்குப் பிடித்தது என்ன என்று கேட்பார்கள். சோதனைக்காக மிருதங்கம், கிரிக்கெட், நீச்சல் எல்லாவற்றையும் நிறுத்திய பிள்ளையிடம் அதற்குப் பதில் இருக்காது. தயவுசெய்து ஒன்றையாவது விட்டு வையுங்கள். நம்முடைய பையன் பஸ்ஸைப் பற்றிப் பேசினானாம், ஆசிரியர் நிறுத்தும் வரை.

பெப்ரவரியில் ஒரு பள்ளி இல்லை என்றது. மற்றது காத்திருப்போர் பட்டியலில் போட்டது, இடம் வரவில்லை. இரண்டு நாள் அழுதான். இப்போது 183இல் ஏறி அரசுப் பள்ளிக்குப் போகிறான். கணக்கில் முதல் பிரிவில் இருக்கிறான்.

அந்த இடம் அவனுக்கு இருந்ததற்குக் காரணம், தாயார் அரசுப் பள்ளிக்கான படிவத்தையும் நேரத்துக்கு அனுப்பியதுதான். 6ஆம் ஆண்டில் பிள்ளை இருப்பவர்கள், எந்தத் தனியார் பள்ளிக்கு எழுதினாலும், ஒக்ரோபர் 31க்குள் உங்கள் கவுன்சிலுக்கு அந்தப் படிவத்தை அனுப்பிவிடுங்கள். பதில் மார்ச் 1இல், அது விடுமுறை நாளானால் அடுத்த வேலை நாளில், வரும்.

நன்றி. வணக்கம்.