புளிய முண்டில ஒரு அகப்பை

வணக்கம் உறவுகளே, உப்புவெளியில எங்கட வீட்டு முத்தத்தில இருந்து கதைக்கிறன். பின்னால இரையிறது கச்சான் காத்து, மைக் பிழையில்ல.

இந்தக் கட்டையைப் பாருங்கோ. அடுத்த ஒழுங்கையில முறிஞ்சு விழுந்த புளியங்கொப்பில அறுத்து எடுத்தது. வெளியால பாத்தா சொறி பிடிச்ச பலாக்காய் மாதிரி. மரத்துக்குக் காயமோ பூச்சியோ ஏதும் இடைஞ்சல் வந்தா, அந்த இடத்தில உறங்கிக்கிடந்த மொட்டெல்லாம் கொப்பா வளராமல் உள்ளுக்கையே சுருண்டு இப்பிடி முண்டாப் போயிடும். கிட்ட காட்டுறன்... இந்தக் கண்ணுக் கண்ணா இருக்குதே, அதெல்லாம் வெளிய வராத மொட்டுகள்.

வடிவுதான். ஆனா முதல் செஞ்ச அகப்பை என்னை ஏமாத்திப்போட்டுது. முழுக்க முண்டிலயே வெட்டி, காம்பை மெல்லிசா இழைச்சன். அம்மா உளுத்தங்களி கிண்டேக்க டக்கெண்டு முறிஞ்சுது. சட்டிக்குள்ள பாதி, கையில பாதி. நார் நீளத்துக்கு ஓடினாத்தான் காம்புக்குப் பலம், முண்டுக்குள்ள அது நேரா ஓடாது. அதால இந்தமுறை முண்டும் கொப்பும் சேருற இடமாப் பாத்து அறுத்தனான். குழி முண்டில, காம்பு கொப்பின்ர நேர் நாரில. இந்தா, இந்தக் கோட்டிலதான் மாறுது.

பச்சைக் கட்டையை இந்தக் காத்தில வச்சா வெடிச்சுப்போடும். அறுத்த முகத்தில மெழுகுதிரி உருக்கிப் பூசி, மரத்தூளோட சாக்கில கட்டி, கட்டிலுக்குக் கீழ ஏழு மாசம் வச்சன். அம்மாட்ட வாங்கின ஏச்சு தனிக்கதை.

செதுக்கிறதுக்குக் கத்தி சரிவராது. எந்தப் பக்கம் இழுத்தாலும் பாதி இடம் நாருக்கு எதிராத்தான் இருக்கும், பிச்சுக்கொண்டு வரும். குழியுளியை நல்லாத் தீட்டி, தாள் மாதிரி மெல்லிசா எடுங்கோ. மிச்சம் சுரண்டல்தான். பழைய ஓடாவிமார் உடைஞ்ச கண்ணாடித் துண்டாலதான் சுரண்டுவினம். கேளுங்கோ... சர்ர்ர். தூள் இல்ல, சுருள் விழுகுது பாத்தீங்களா? தூளா விழுந்தா விளிம்பு மழுங்கிட்டுது, வேற துண்டு எடுங்கோ. கையுறை முக்கியம்.

அடுத்தது சாண்ட் பேப்பர், 120, 180, 240 எண்டு வரிசையாத் தேயுங்கோ, நம்பர் கூடக்கூட தாள் மெல்லிசாத் தேய்க்கும். பிறகு தண்ணி தடவிக் காய விட்டா நார் மயிர் மாதிரி எழும்பும், அதை 400ஆல மெதுவா எடுங்கோ. இதை விட்டா முதல் கழுவலோட சொரசொரக்கும்.

தேங்காயெண்ணெய் பூசலாமோ எண்டு நிறையப் பேர் கேட்டிருந்தீங்கள். பூசலாம், ஆனா அது இறுகாது, நாள்பட சிக்கு மணம் வரும். ஆளிவிதை எண்ணெய் காத்துப்பட்டு இறுகும். ஹார்ட்வெயார் கடையில பெயின்ருக்கு விக்கிற தகரம் வேண்டாம், கெதியா காயுறதுக்கு உலோகச் சேர்மானம் போட்டிருக்கும். சாப்பாட்டுக்கு விக்கிறதை வாங்குங்கோ. துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில எறியாதீங்கோ, தன்ர பாட்டில சூடாகிப் பத்தும். கொடியில விரிச்சு விடுங்கோ.

இந்தா முதல் பூச்சு... ஆ, நிறம் எழும்புறதைப் பாருங்கோ! கண்ணெல்லாம் முழிக்குது.

அம்மா குசினிக்குள்ள இருந்து கேக்கிறா, களி கிண்டலாமோ எண்டு. எண்ணெய் இறுகட்டும் அம்மா, இன்னும் மூண்டு கிழமை.