விதை வெடிக்கும் மாதம்

நேயர்களுக்கு வணக்கம். சிறு வயதில் எங்களைப் பிடித்து ஆட்டிய மோகங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கும் இது நினைவிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடம் முழுக்க எல்லார் கையிலும் ஒரே பொருள் இருக்கும். மூன்று வாரம் அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அப்புறம் ஒரு நாள் பார்த்தால் அது யார் கையிலும் இருக்காது. யார் தொடங்கினார்கள், யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நான் நம் குமரி ஜில்லாவில் குலசேகரம் பக்கத்தில் வளர்ந்தவள். 1984-இல் இந்த நாகர்கோவில் நிலையம், நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக, ஒலிபரப்பைத் தொடங்கியபோது நான் ஆறாம் வகுப்பு. அதற்கு முன் எங்கள் வீட்டு ரேடியோவில் திருவனந்தபுரம் வரும், திருநெல்வேலி வரும், இலங்கை வரும். இப்போது ரேடியோ நம் ஊர்ப் பெயரையே சொல்கிறது! அந்த மாதம் எங்களுக்கு அதுவே மோகம். ஆளுக்கொரு சிரட்டையை வாயருகே பிடித்துக்கொண்டு, "நேரம் இப்போது எட்டு மணி பத்து நிமிடம்" என்று அறிவிப்பு செய்தபடியேதான் பள்ளிக்கூடம் போவோம். இன்று இந்த மைக்கின் முன்னால் உட்காரும்போது அந்தச் சிரட்டை என் கையில் இருப்பதுபோலவே இருக்கிறது.

சரி, நாங்களே செய்து ஆடிய ரப்பர் பந்துக்கு வருகிறேன். நான் பேச ஆசைப்பட்டது அதைத்தான்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். வெயில் ஏறும் முன் வெட்டினால்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். ஓடி முடிந்த பிறகு, வெட்டின தடத்திலேயே கொஞ்சம் பால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மறுமுறை வெட்டும் முன் அதை உரித்தெடுப்பார்கள். நீளமாக, நாடா மாதிரி வரும். அதுதான் ஒட்டுபால். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கத்து நேயர்களுக்கு இந்நேரம் அந்த வாடை மூக்கில் ஏறியிருக்கும்.

அந்த நாடாவில்தான் பந்து செய்வோம். ஒரு தாளைச் சுருட்டிக் கசக்கி நடுவில் வைத்து, அதன்மேல் ஒட்டுபாலை இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். இழுத்துச் சுற்ற வேண்டும், இதை இன்னொரு முறை சொல்கிறேன். சும்மா சுற்றினால் உருண்டை கிடைக்கும், பந்து கிடைக்காது. நாடா எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு துள்ளும். குறுக்கும் நெடுக்குமாக, ஒரே பக்கம் தடித்துவிடாமல் சுற்றிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் கொஞ்சம் பச்சைப் பாலைத் தடவிக் காயவைத்தால் மேல்புறம் வழவழப்பாகிவிடும். நல்ல பந்தை ஓங்கித் தரையில் அடித்தால் ஓட்டுக்கூரைக்கு மேலே போகும். தென்னை மட்டையை வெட்டிச் செதுக்கினால் பேட். பையன்கள் எங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நல்ல பந்து என் கையில் இருந்தது, அதனால் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு மார்கழியில் இந்த மோகம் உச்சத்துக்குப் போனது. நான் அடித்த பந்து சுவரில் பட்டுத் திரும்பி, வகுப்பு வாசலில் இருந்த தண்ணீர்ப் பானையை உடைத்துவிட்டது. ஆசிரியர் எல்லாப் பந்துகளையும் வாங்கினார். பதினேழு பந்துகள். ஒரு சாக்கில் போட்டுத் தகர அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அலமாரியைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் கணக்குப் படித்தோம். முழுப் பரீட்சை முடிந்த அன்று சாக்கைத் திருப்பித் தந்தார். உள்ளே பதினேழு பந்துகள் இல்லை. பங்குனி வெயிலில் தகரம் காய்ந்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பெரிய உருண்டையாகிக் கிடந்தது. எது யாருடையது? பிரித்துப் பார்த்தோம், முடியவில்லை. நான்கு பேர் சேர்ந்து சாலையில் உருட்டிக்கொண்டே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. "மக்களே, இது தோட்டத்துச் சாதனம் இல்லியா?" என்று மட்டும் கேட்டார். ஒட்டுபாலையும் எடைபோட்டுத்தான் விற்பார்கள், பாலை உறையவைத்துச் செய்யும் ஷீட்டைவிட விலை குறைவு, ஆனாலும் அது தோட்டத்துக்காரருக்குச் சொந்தம். நாங்கள் மரத்திலிருந்து உரித்தபோது எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை. மறுநாள் காலையில் அந்த உருண்டையை எடுத்துக்கொண்டு போய், அன்றைய ஒட்டுபாலோடு சேர்த்து எடைக்கு வைத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுப் பின்னால் நின்ற ஒற்றை ரப்பர் மரத்தை எனக்காகவே விட்டுத் தந்தார். ஒரு மரத்து ஒட்டுபாலில் ஒரு பந்துக்குச் சேர ரொம்ப நாளாகும். அந்தப் பந்தைப்போல வேறெந்தப் பந்தையும் நான் பத்திரமாக வைத்துக்கொண்டதில்லை.

ரொம்ப காலம் கழித்து ஒன்றைப் படித்தேன். மத்திய அமெரிக்காவில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் ரப்பர் பந்து ஆடியிருக்கிறார்கள். வேறொரு மரத்தின் பால், ஆனால் பந்து பந்துதானே! அன்றைக்கு யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பல வருடமாக எனக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் மோகங்களில் வருடா வருடம் திரும்பி வந்தவை உண்டு, ஒரே முறை வந்து போனவையும் உண்டு. பந்து திரும்பி வரும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் மரத்துப் பட்டை நனைந்து வெட்டு நின்றுவிடும், ஒட்டுபாலும் கிடைக்காது, பந்து மோகம் தானே அடங்கும். ஐப்பசி மழையும் ஓய்ந்து வெட்டு ஒழுங்காக நடக்கும்போது பந்தும் வந்துவிடும். இரண்டு மழைக்காலம் உள்ள ஜில்லா நம்முடையது. பிள்ளைகளின் விளையாட்டையும் அந்த மழைகள்தான் நடத்தின. நாங்கள் சலித்துப்போய் எதையும் விட்டதாக எனக்கு நினைவில்லை.

கோடையில் கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டை. கோலி மாதிரி நிரையாக வைத்து எறிந்து ஜெயிப்போம், ஜெயித்ததைச் சுட்டுத் தின்போம். நொங்கு சீசனில் நொங்கு வண்டி. ஆவணி வாக்கில் ரப்பர் விதை. அது ஒரு தனி அழகு. வெயில் ஏறினால் காய்கள் 'டப்' என்று வெடித்து, ஒரு காய்க்கு மூன்று விதையாகத் தெறிக்கும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்கும், எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும். புள்ளிபோட்ட, பளபளப்பான விதை. அதைக் கல்லில் உரசிப் பக்கத்தில் இருப்பவள் கையில் வைத்தால் சுரீர் என்று சுடும். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் அதிலிருந்துதான் பெருகின. எங்கள் முழங்கையில் சூடு வைத்த விதைக்கு அவ்வளவு நீண்ட பயணம்!

திருவிழாவுக்கும் ஒன்று உண்டு. மண்டைக்காட்டுக் கொடைக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் போனால் தகரப் படகு வாங்கிவருவோம். சின்ன விளக்கைக் கொளுத்தி உள்ளே வைத்தால், குழாயில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பின்னால் தள்ளும், மறுபடி தண்ணீரை உறிஞ்சும், படபட என்று அண்டாவைச் சுற்றும். உள்ளே எப்படி இருக்கும் என்பதைப் படம் போட்டால்தான் காட்ட முடியும், விட்டுவிடுகிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான். திரும்பி வராதவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன்.

கல்ஃபிலிருந்து வந்த ஒரு மாமாவின் பெட்டியில் ரூபிக் கனசதுரம் இருந்தது. ஹங்கேரியில் எர்னோ ரூபிக் 1974-இல் உருவாக்கியது. எங்கள் ஊருக்கு அந்த ஒன்றுதான். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று வரிசையில் நின்று திருப்பினோம். 1987-இல் உலகக் கோப்பை கிரிக்கெட் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நடந்தபோது, பபிள்கம்மோடு வந்த படங்களில் ரன்களைச் சேர்த்தோம். கோப்பை முடிந்தது, அதுவும் முடிந்தது. இவற்றுக்கு மழையும் இல்லை, காயும் இல்லை, திரும்பிவர வழியும் இல்லை.

தீப்பெட்டிப் படங்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று ஊர்வாரியாக ஒரு பிஸ்கட் டின் நிறைய இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு விரல் காட்டுகிறார்கள். அதை இன்னொரு நாள் சொல்கிறேன். மேற்கே இருக்கும் நேயர்களே, ஆவணி பிறக்கும்போது உங்கள் விளையில் முதல் காய் வெடித்தால் நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன், இங்கே அந்தச் சத்தம் கேட்பதில்லை. வணக்கம்.