நாற்பது வளைவுக்கு அப்பாலும் போகிற சாலை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வால்பாறை சாலை என்றதும் எல்லாரும் கேட்பது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான். நாற்பது வளைவு, சரி. ஆனால் மாநில நெடுஞ்சாலை 78 அங்கே தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. பல்லடத்தில் கிளம்பி, சேலைக்குப் பேர்போன நெகமம் வழியாகப் பொள்ளாச்சி வந்து, தென்னந்தோப்புகளைக் கடந்து ஆழியாறு போய், மலையேறி, வால்பாறையையும் தாண்டிக் கேரள எல்லையைத் தொடுகிறது. நெடுஞ்சாலைத் துறைக் கணக்கில் இதற்குப் பல்லடம் - கொச்சி எல்லைச் சாலை என்று பெயர். கொச்சி சமஸ்தானம் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

மலைப்பகுதி ஏன் போடப்பட்டது? 1860-களிலேயே ஆனைமலையில் காப்பி பயிரிட ஆள் வந்துவிட்டார்கள். பெரிதாகக் கையில் நிற்கவில்லை. 1890-களில் கார்வர் மார்ஷ் போன்ற துரைமார்கள் வந்த பிறகுதான் தோட்டங்கள் விரிந்தன. அப்புறம் தேயிலை. அதன் சங்கதி வேறு. பறித்த கொழுந்து வாடிக் கெடுவதற்குள் ஆலைக்குப் போக வேண்டும். ஆலை என்றால் இயந்திரம் மேலே வர வேண்டும், பெட்டி பெட்டியாகத் தூள் கீழே இறங்க வேண்டும், இத்தனை பேருக்கும் அரிசி பருப்பு சமவெளியிலிருந்து வர வேண்டும். தலைச்சுமையில் நடக்கிற காரியமா இது?

பாதை போட்ட பொறியாளர் லோம். 9-ஆவது வளைவில் அவர் பெயரில்தான் லோம்ஸ் வியூ பாயிண்ட் இருக்கிறது. அங்கிருந்து ஆழியாறு அணையைப் பார்த்து எல்லாரும் படம் எடுக்கிறார்கள். லோம் காலத்தில் அந்த அணையே கிடையாது! பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் பின்னால் வந்தது அது. பாக்கியம் இருந்தால் அந்தப் பாறைச் சரிவில் வரையாடு தென்படும். லோமுக்கு ஒரு வளைவு, மார்ஷுக்கு ஒரு சிலை. பாறை உடைத்தவர்களுக்கும், தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணி பின்னால் நடந்தே மலையேறிய குடும்பங்களுக்கும் ஒரு பெயர்ப்பலகை கிடையாது. நாற்பதில் ஒரு வளைவையாவது அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

வளைவில் பேருந்து திரும்புவதைக் கொஞ்சம் ஓரமாக நின்று பாருங்கள். ஓட்டுநர் முன்னாலேயே ஆரன் அடிப்பார். எதிர்ப்பக்க ஓரம் வரைக்கும் வண்டியை ஏற்றி, முன்பக்கம் தடுப்புச் சுவரை முட்டப்போகிறது என்று நாம் நினைக்கிற நேரத்தில்தான் ஸ்டியரிங்கை ஒடிப்பார். அந்த இடைவெளியில் ஒரு கார் நுழைந்தால் தீர்ந்தது, யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிடுவதுதான் மலை வழக்கம். நின்ற வண்டியை ஏற்றத்தில் மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால், கடைசி வளைவுக்கு வரும்போது பிரேக் பிடிக்காது.

அட்டகட்டி தாண்டிக் கவர்க்கல் பக்கம் போனால் பட்டப்பகலிலும் மஞ்சு மூடும், முகப்பு விளக்கு போட வேண்டும். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அவற்றுக்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நாம் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினால் அவை பாலத்தை விட்டுத் தாரில் இறங்கிவிடும்.

சுற்றுலாக்காரர்களுக்கு வேடிக்கை. வால்பாறைக்காரர்களுக்கோ பொள்ளாச்சிக்கு இறங்க இந்த ஒரு வழிதான். பிரசவம் சிக்கலானால், நெஞ்சு வலித்தால், இதே நாற்பது வளைவு. மழையில் ஓரிடத்தில் மண் சரிந்தாலும் ஊர் திண்டாடிப் போகும். அகலப்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. புலிகள் காப்பகத்துக்கு நடுவே போகிற சாலை இது. மலையை மேலும் வெட்டினால் சரிவு இன்னும் செங்குத்தாகும். தண்ணீர் மண்ணில் ஊறித்தான் சரிகிறது. அதனால் மழைக்கு முன்னால் வடிகாலைத் தூர்வாரி, தடுப்புச் சுவரைச் சீர்செய்வதுதான் முதல் வேலை.

வால்பாறையோடு திரும்பிவிடாமல், சோலையாறு அணைப் பக்கமாக இன்னும் சுமார் 25 கிலோமீட்டர் போனால் மலக்கப்பாறை. அங்கிருந்து கேரளத்தின் 21-ஆம் எண் மாநில நெடுஞ்சாலை வாழச்சால், அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்கு இறங்குகிறது. வழியெல்லாம் அடர்ந்த காடு. பொழுது சாய்ந்தால் சோதனைச் சாவடியில் வண்டியை விட மாட்டார்கள். போகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.