மேன்டிஸ் இறால் வளர்ப்பு: என்ன கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்கக் கூடாது

அனைவருக்கும் வணக்கம். இறால், நண்டு போல ஓடுள்ள கடல் உயிரான மேன்டிஸ் இறாலைப் புதிதாக வளர்க்கத் தொடங்குபவர்கள் அதற்கு என்ன உணவு கொடுப்பது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது சாப்பிடாத நாட்களில் என்ன செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்வது அதைவிட அவசியம் என்பது என் உறுதியான கருத்து. இன்று இரண்டையும் பார்ப்போம்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் சொல்லிவைத்து வாங்கினாலும் சரி, வேறு எங்கிருந்து கிடைத்தாலும் சரி, அது எந்த வகை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கேமராவை அருகில் கொண்டுசெல்கிறேன், முன்காலைக் கவனியுங்கள். மடங்கியிருக்கும் இடத்தில் உருண்டு தடித்துத் தெரிகிறதல்லவா? அது இரையின் ஓட்டை அடித்து உடைக்கும் வகையின் அடையாளம். அந்தத் தடிப்பு இல்லாமல், மெலிந்த காலின் ஓரத்தில் கூரிய முட்கள் வரிசையாக இருந்தால், அது இரையைக் குத்திப் பிடிக்கும் வகை. காசிமேட்டில் விசைப்படகுகளின் இழுவலையில் மீன்களோடு சேர்ந்து வருபவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. அவற்றுக்குக் குழி பறிக்க ஆழமான மணலும், மென்மையான மீன், இறால் துண்டுகளும் தேவை. என்னிடம் இருப்பது முதல் வகை என்பதால் இனி அதைப் பற்றியே பேசுகிறேன்.

இதற்கு ஓடுள்ள இரைதான் இயல்பான உணவு. சிறு நண்டு, கடல் நத்தை, மட்டி, சங்குக்குள் வாழும் துறவி நண்டு ஆகியவற்றை உயிருடன் கொடுக்கலாம். அவை கிடைக்காத நாட்களில் உறைய வைத்த இறாலையோ கணவாயையோ உறைநிலை முழுவதும் நீங்கிய பிறகு சிறு துண்டாக நறுக்கிக் கொடுக்கலாம். சமையலுக்கு என்று மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவியதிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்துப் போடாதீர்கள். வாரத்துக்கு 2 அல்லது 3 முறை கொடுத்தால் போதும். மிச்சம் வைத்ததை மறுநாள் காலைக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது அழுகி நீரில் அம்மோனியாவை ஏற்றிவிடும்.

இப்போது ஒரு நத்தையை வளைக்கு முன்னால் வைக்கிறேன். முதலில் காம்பின் மேல் நிற்கும் இரண்டு கண்களும் வெளியே வருகின்றன. ஒன்று நத்தையைப் பார்க்க, மற்றொன்று தனியே திரும்பி என் கையைப் பார்க்கிறது. அடுத்து உணர்கொம்பால் தடவிப் பார்க்கிறது, நத்தையைப் புரட்டித் தனக்கு வாகாக வைத்துக்கொள்கிறது, அதன் பிறகே அடிக்கிறது. அந்த ‘டக்’ ஒலி உங்களுக்கும் கேட்டிருக்கும். உயிரியலாளர் ஷீலா பாட்டெக் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அடிக்கும் வகையைச் சேர்ந்த மயில் மேன்டிஸ் இறாலின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை செல்வதாக அளந்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் நீரில் நுண்ணிய ஆவிக்குமிழ்கள் தோன்றி வெடிப்பதால், ஒரே அடியில் இரைக்கு இரண்டு தாக்குதல்கள் விழுகின்றன. ஆகவே விரலால் உணவு கொடுப்பது வேண்டவே வேண்டாம். நீண்ட பிளாஸ்டிக் இடுக்கியைப் பயன்படுத்துங்கள். பெரிய இனங்களுக்கு மெல்லிய கண்ணாடித் தொட்டியைவிட அக்ரிலிக் தொட்டியே பாதுகாப்பானது. வேறு மீனோ இறாலோ நண்டோ அதே தொட்டியில் இருக்கக் கூடாது, ஏனெனில் அவை அனைத்தும் அதற்கு இரைதான்.

நீரைப் பற்றிச் சென்னைவாசிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. செயற்கைக் கடல் உப்பை ஆர்.ஓ. நீரில் கலந்து, ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அளவில் இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குடிநீரில் செம்பு சேர்க்கும் சுத்திகரிப்பான்கள் இப்போது பல வீடுகளில் இருக்கின்றன. மனிதர்களுக்காகச் சேர்க்கப்படும் அந்தச் செம்பு, இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளுக்கு நஞ்சு. செப்புக் குடத்து நீரும், செம்பு கலந்த மீன் மருந்துகளும் இதே காரணத்தால் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. கூவமும் அடையாறும் கடலில் கலக்கும் நகரம் இது என்பதால், கரையோரம் மொண்டு வந்த கடல்நீரையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கத்திரி வெயிலில் தொட்டி நீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க, நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இருந்தால் நல்லது. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டாலும் ஓரளவு குளிரும், ஆனால் நீர் வேகமாக ஆவியாகி உப்பின் செறிவு ஏறும். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. எனவே குறைந்த அளவை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால்தான் ஈடுகட்ட வேண்டும். மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்பு தயாராக இருக்கட்டும்.

இனி, சாப்பிடாத நாட்கள். ஆரோக்கியமாக இருந்த மேன்டிஸ் இறால் திடீரென்று உணவை ஒதுக்கி, கூழாங்கற்களையும் மணலையும் தள்ளித் தன் வளையின் வாயை அடைத்துக்கொண்டால், பெரும்பாலும் அது ஓடு கழற்றத் தயாராகிறது என்று பொருள். நோய் என்று பதறி வளையைத் திறப்பதும், குச்சியால் சீண்டுவதும், உணவை உள்ளே திணிப்பதும் அதன் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். புதிய ஓடு இறுகும்வரை அதன் உடல் மிருதுவாக இருக்கும். அடிக்கும் கால்களாலும் அப்போது பயன் இல்லை. நல்ல நீர் ஓட்டம், மங்கலான வெளிச்சம், அமைதி ஆகியவற்றைத் தவிர நாம் அதற்குத் தர வேண்டியது ஒன்றும் இல்லை. சில நாட்கள் கழித்து, கண் உறை, கால்கள் என எல்லா உறுப்பும் அப்படியே இருக்கும் ஒரு வெற்றுக் கூடு வெளியே தள்ளப்பட்டுக் கிடக்கலாம். இறந்துவிட்டதாக எண்ணித் தொட்டியைக் கலைத்துவிடாதீர்கள். முதுகுப்புறம் பிளந்திருக்கிறதா, உள்ளே சதை இல்லாமல் ஒளி ஊடுருவுகிறதா என்று பாருங்கள். அடிபட்டுத் தேய்ந்த கால் முனைகளும் இப்படி ஓடு கழற்றும்போதுதான் புதிதாகின்றன.

வளையின் வாயை அதுவே திறந்து கண்களை வெளியே நீட்டிய பிறகு, முதல் உணவாக மட்டிச் சதையின் சிறு துண்டு ஒன்றை வளையின் வாயிலருகே வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். அதைத் தொடர்ந்து தயக்கமின்றி எடுக்கத் தொடங்கும்வரை நண்டும் நத்தையும் காத்திருக்கட்டும்.