பீரங்கி அல்ல, அரண்மனைதான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"சீனாவை ஆண்ட மஞ்சு மன்னர்களின் சிங் பேரரசைச் சாய்த்தது அந்நியர் பீரங்கியா, அரண்மனை அரசியலா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஆங்கிலேயர் தொடுத்த அபினிப் போரில் ஆரம்பித்து, அதை முடித்த நான்கிங் உடன்படிக்கை, 1860-இல் அந்நியர் பழைய கோடை அரண்மனையை எரித்தது வரை ஒன்றுவிடாமல் அடுக்கினார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அவர் ஒன்றை விட்டுவிட்டார். அபினியில் ஒரு பெரிய பங்கு பாட்னா பக்கமிருந்து போனது, அந்தப் போருக்கு மதராஸ் காலாட்படையும் போனது. ஆக நம்ம ஊர்ச் சிப்பாயும் அந்தக் கணக்கில் உண்டு.

ஆனால் நடுவர் அவர்களே, அடி விழுவது வேறு, ஆள் விழுவது வேறு. நான்கிங்கில் கையெழுத்துப் போட்டது 1842. சிங் வம்சம் முடி துறந்தது 1912. நடுவில் எழுபது வருஷம். பீரங்கி அடித்துச் சாகிறவன் எழுபது வருஷம் கழித்தா சாவான்?

அந்த முதல் அடியே எப்படி விழுந்தது என்று பாருங்கள். 1841 மே மாதம், கான்டன் நகரத்தை ஆங்கிலேயர் வளைத்துவிட்டார்கள். அங்கே படைத்தலைவர் யிஷான். பேரரசர் தாவோகுவாங்குக்குச் சொந்தக்காரர். ஊரைச் சூறையாடாமல் விடுவதற்கு 60 லட்சம் வெள்ளி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார். சரி, போகட்டும். பெய்ஜிங்குக்கு என்ன எழுதினார் தெரியுமா? ஆங்கிலேயர் தொப்பியைக் கழற்றிவிட்டு, வியாபாரம் செய்ய அனுமதி கொடுங்கள் என்று கெஞ்சுகிறார்களாம்! மீட்புப் பணத்தை, வணிகர்களின் பழைய கடன் பாக்கியைத் தீர்த்ததாகக் கணக்குக் காட்டினார். பேரரசர் அதை நம்பினார். நம்பி, செலவு மிச்சம் என்று கரையோரப் படையைக் குறைக்கச் சொல்லி உத்தரவும் போட்டார். ஆகஸ்டில் சியாமென் துறைமுகம் விழுந்தது. இதில் பீரங்கி செய்தது பாதி. மீதியைச் செய்தது ஒரு கடிதம்.

இத்தனைக்கும் பொய்க் கடிதத்தைப் பிடிப்பதற்கென்றே அந்த வம்சம் ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. முன்னோரான காங்சி மன்னர் காலத்தில் வந்த இரகசிய மடல் முறை. அதிகாரி தன் கையால் எழுதி, பூட்டிய பெட்டியில் வைத்து அனுப்புவார். மன்னரே திறந்து படித்து, அதே தாளில் சிவப்பு மையில் பதில் எழுதித் திருப்புவார். யோங்சங் என்ற மன்னர் இராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து திட்டியும் தட்டிக்கொடுத்தும் எழுதியது ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஒரே விஷயத்தைப் பலரிடம் கேட்டால் பொய் சொன்னவன் மாட்டிக்கொள்வான். அதே அரண்மனை, அதே சிவப்பு மை. பேரன் பேத்திகள் காலத்தில் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை? பெட்டியைத் திறக்கிறவர் கேள்வி கேட்க வேண்டும், ஐயா. அவ்வளவுதான்.

இப்போது கோடை அரண்மனைக்கு வருகிறேன். எரிந்தது அல்ல, பேரரசித் தாய் சிஷிக்காகக் கடற்படைப் பணத்தை எடுத்துச் சீரமைத்த இன்னொன்று, பளிங்குப் படகோடு. இதைச் சொன்னதும் எதிரணியில் ஒருவர் சிரிக்கிறார், "ஒரு பெண்ணின் தலையில் எல்லாப் பழியையும் போடப்போகிறான்" என்று. இல்லை, போட மாட்டேன். அந்த அம்மையார் செலவு செய்தார், உண்மைதான். பணத்தை எடுத்துக் கொடுத்தது யார்? கடற்படை அலுவலகத்துக்கே தலைவராக இருந்த இளவரசர் சுன். அவர் பேரரசர் குவாங்சுவின் சொந்த அப்பா! சிஷி நல்ல தோட்டமும் ஏரியுமாக ஓய்வெடுக்கப் போய்விட்டால் மகன் கையில் ஆட்சி வரும் என்பது அவர் போட்ட கணக்கு என்று பலரும் எழுதுகிறார்கள். வேலியே பயிரை மேய்ந்தது. 1888-க்குப் பிறகு சிங் அரசின் முக்கியக் கடற்படையான வடகடல் படைக்குப் பெரிய கப்பல் எதுவும் வாங்கவில்லை. 1891-இல் நிதித்துறைத் தலைவர் வெங் டோங்ஹே, இரண்டு வருஷத்துக்குக் கப்பலும் பீரங்கியும் வாங்கக் கூடாது என்றே தடை வாங்கினார். அவர் யார்? குவாங்சுவின் ஆசிரியர். அப்பா, ஆசிரியர், பெரியம்மா, எல்லாரும் ஒரே வீட்டுக்குள்.

அதே நேரத்தில் ஜப்பானில் என்ன நடந்தது? 1893-இல் மெய்ஜி மன்னர் தன் அரண்மனைச் செலவிலிருந்து வருஷத்துக்கு 3 லட்சம் யென் வீதம் ஆறு வருஷத்துக்குக் கடற்படைக்குக் கொடுத்தார். அங்கே அரண்மனைப் பணம் கப்பலுக்குப் போகிறது, இங்கே கப்பல் பணம் அரண்மனைக்குப் போகிறது. 1894 செப்டம்பர் 17, யாலு ஆற்று முகத்தில் இரண்டு படையும் மோதின. முடிவு உங்களுக்குத் தெரியும். சிங் தோற்றது, ஜப்பானுக்கு இருபது கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளி நஷ்டஈடு. ஜப்பான் வாசலுக்கும் 1853-இல் அமெரிக்கப் பீரங்கிக் கப்பல் வந்தது, நண்பர்களே. பீரங்கிதான் காரணம் என்றால் அந்த வீடும் அல்லவா இடிந்திருக்க வேண்டும்?

வாரிசு விவகாரத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1861-இல் அரியணையில் ஐந்து வயதுக் குழந்தை, சிஷியின் மகன் துங்ஷி. 1875-இல் குவாங்சு, மூன்று வயது. 1908-இல் பூயி, இரண்டு வயது. தற்செயலா? துங்ஷி மன்னர் வாரிசில்லாமல் இறந்ததும், அடுத்த தலைமுறையில் ஒருவரைத் தத்து எடுப்பதுதான் முறை. அப்படி எடுத்தால் சிஷி பாட்டி ஸ்தானத்துக்குப் போய்விடுவார், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆள முடியாது. அதனால் அதே தலைமுறையில் தன் தங்கை மகனை, குவாங்சுவை, உட்கார வைத்தார். வூ கெது என்ற அதிகாரி இது முறையல்ல என்று மடல் எழுதி வைத்துவிட்டு 1879-இல் தற்கொலையே செய்துகொண்டார். அந்தக் குவாங்சு வளர்ந்து, 1898-இல் சீர்திருத்தம் என்று கிளம்பினார். 103 நாள். அதற்கப்புறம் அவரை ஒரு தீவில் சிறை வைத்தார்கள். 1908 நவம்பர் 14-இல் அவர் இறந்தார், மறுநாள் சிஷி இறந்தார். 2008-இல் குவாங்சுவின் தலைமுடியைச் சோதித்ததில் ஆர்சனிக் ஏராளமாக இருந்தது. விஷம் வைத்தது யார் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எந்த வெள்ளைக்காரனின் பீரங்கியிலும் ஆர்சனிக் கிடையாது, அதை மட்டும் சொல்கிறேன்.

பிறகு வந்த பூயி குழந்தை. ஐந்து வயதில் அவர் பெயரில் ஒரே மாதத்துக்கு எழுதிய சமையலறைக் கணக்கைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய 480 கிலோ இறைச்சி, 240 கோழியும் வாத்தும்! குழந்தையா தின்றது? அரண்மனை நிர்வாகத் துறை தின்றது.

நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு விஷயம். 1911 மே மாதம் முதல் அமைச்சரவை அமைத்தார்கள். பதின்மூன்று பேரில், நாட்டின் பெரும்பான்மை இனமான ஹான் சீனர் நான்கே பேர், மற்றவர்கள் பெரும்பாலும் மஞ்சுக்கள். நாட்டில் பெரும்பான்மை யார், அமைச்சரவையில் பெரும்பான்மை யார்? அக்டோபர் 10-இல் வூச்சாங் நகரில் கிளர்ச்சி செய்து சுட்டவர்கள் அந்நியர் அல்ல, சிங் அரசே சம்பளம் கொடுத்துப் பழக்கிய புதிய படை. அடக்குவதற்கு ஆள் வேண்டும். படைத்தலைவர் யுவான் ஷிகாய் ஒருவரால்தான் முடியும். அவரை 1909-இல் பழைய அரண்மனைப் பகையை மனதில் வைத்து, "உமக்குக் கால் வலி, வீட்டுக்குப் போம்" என்று அனுப்பியவர் குழந்தை பூயிக்காக ஆட்சி நடத்திய அவர் அப்பா சைஃபெங். இப்போது அவசரமாக வரச் சொல்லி ஆணை போகிறது. யுவான் என்ன பதில் அனுப்பினார் தெரியுமா? "இன்னும் கால் வலி குணமாகவில்லை!" கேட்ட அதிகாரம் எல்லாம் கைக்கு வந்த பிறகு கால் சரியாகிவிட்டது. அந்தக் காலோடு பெய்ஜிங்குக்கு வந்தவர், அடுத்த பிப்ரவரி 12-இல் அரண்மனையிடமே முடிதுறப்பு ஆணையை எழுதி வாங்கினார். இதில் பீரங்கி எங்கே இருக்கிறது என்று எதிரணித் தலைவர் காட்டட்டும்.

நன்றி, வணக்கம்.